முதல் கான்ஃபரன்ஸில் ஆங்கிலத்தில் பேசப் போகிறவர்களுக்கு

பேப்பர் ஏற்கப்பட்டுவிட்டது, நேரில் வந்து பேசச் சொல்கிறார்கள். சந்தோஷம் ஒரு நாள் இருக்கும். மறுநாளே "இங்கிலீஷில் எப்படிப் பேசப் போகிறேன்" என்று வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நானும் அந்த வழியில் வந்தவன்தான். சீனியர்களிடம் கேட்டால் "தைரியமாப் பேசு" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். அந்தத் தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சில மேடைகள் ஏறி இறங்கிய பிறகு எனக்குத் தெரிந்தது இதுதான்: மொழி இந்த வேலையில் பாதிகூட இல்லை. நேரக் கணக்கும் ஸ்லைடும் கேள்விக்கான தயாரிப்பும் ஒழுங்காக இருந்தால் சுமாரான ஆங்கிலமே போதும். இவை இல்லாமல் சரளமாகப் பேசுகிறவர்கள் சொதப்புவதைப் பார்த்திருக்கிறேன். என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் காலண்டர் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. பணம் கட்டும் முன் கான்ஃபரன்ஸை விசாரியுங்கள்

மெயிலில் வரும் அழைப்பை எல்லாம் நம்ப வேண்டாம். "டியர் எமினன்ட் புரொஃபசர்" என்று முதலாண்டு ஸ்காலருக்கு மெயில் வந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். இயந்திரவியல், மருத்துவம், மேலாண்மை, தமிழ் இலக்கியம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் ஒரே ஹோட்டல் அறையில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) அனுப்பிய மறுநாளே "அக்செப்டட்" என்று பதில் வந்தால் யாரும் அதைப் படிக்கவில்லை என்று பொருள்.

கான்ஃபரன்ஸ் குழுவில் இருக்கும் பேராசிரியர்களில் இரண்டு பேரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, அவர்கள் இந்தக் கான்ஃபரன்ஸைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போன வருடத்துக் கட்டுரைத் தொகுதி எங்கே வெளியாகியிருக்கிறது என்று தேடுங்கள். "ஸ்கோபஸ் இன்டெக்ஸ்டு" (ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இடம்பெற்றது) என்று போட்டிருந்தால் அந்தத் தொகுதியின் பெயரை ஸ்கோபஸ் பட்டியலிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள். கடைசியாகக் கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) ஒரு வார்த்தை. இவ்வளவும் ஒரு மாலை நேர வேலைதான்.

2. ஏற்புக் கடிதம் வந்த வாரமே காகித வேலையைத் தொடங்குங்கள்

முதலில் பெயர். நம் ஊரில் முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் பெயர். பதிவுப் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால் விசா கவுன்டரில் திண்டாட வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் உங்கள் அப்பா பெயர் பெரிதாக வந்தால் பரவாயில்லை, விசா முக்கியம்.

அடுத்தது பணம். பதிவுக் கட்டணத்தை மாணவர், உறுப்பினர், மற்றவர் என்று பிரித்திருப்பார்கள். சில சங்கங்களில் மாணவர் உறுப்பினராகச் சேர ஆகும் செலவைவிடக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி அதிகம், அதனால் முதலில் உறுப்பினராகிவிட்டுப் பதிவு செய்வது லாபம். ஆனால் "ஸ்டூடன்ட் ரேட்" என்பது கேட்க வருகிறவருக்கு மட்டும், கட்டுரை எழுதியவர் முழுக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. உள்ளூர் கான்ஃபரன்ஸில் 18 சதவீத ஜிஎஸ்டி அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்று பாருங்கள். டாலரிலோ யூரோவிலோ கார்டில் கட்டினால் வங்கி 3.5 சதவீதம் வரை மேலே போடும். சலுகைக் கட்டணத்துக்கான கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஐ டிரிபிள் ஈ என்ற பொறியாளர் சங்கத்தின் கான்ஃபரன்ஸ்களில் நேரில் வாசிக்காத கட்டுரையைத் தங்கள் இணைய நூலகத்தில் சேர்க்காமல் நீக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கட்டுரையும் போகும், பணமும் போகும்.

கல்லூரியில் வாங்க வேண்டியவை: தடையின்மைச் சான்று, ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம், உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் விடுப்பு அனுமதி. இவை கைடு, துறைத் தலைவர், முதல்வர் அல்லது பதிவாளர் என்று மேஜை மேஜையாக நகரும். நடுவில் ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஒரு மாதம் ஒதுக்குங்கள். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், "ஃபைல் எங்கே போச்சுன்னு தெரியலை" என்ற பதில் எந்த அலுவலகத்திலும் வரலாம்.

பயண நிதிக்கு ஏஎன்ஆர்எஃப், சிஎஸ்ஐஆர் போன்ற மத்திய அரசின் ஆய்வு அமைப்புகளிலும் உங்கள் பல்கலைக்கழகத்திலும் திட்டங்கள் இருக்கின்றன. கான்ஃபரன்ஸ் தேதிக்கு இவ்வளவு நாள் முன்னால் விண்ணப்பித்தாக வேண்டும் என்று கெடு வைத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். கடிதம் வந்த அன்றே அவர்கள் தளத்தைத் திறந்து கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கண்ணி: மத்திய அரசுச் செலவில் விமானத்தில் போகிறவர்கள் பால்மர் லாரி, அசோக் ட்ராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகவே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. உங்கள் நிதிக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று வேறு தளத்தில் எடுத்துவிட்டால் பிறகு பணம் வராது.

ஐரோப்பா என்றால் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள் வரை ஆகும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அழைப்புக் கடிதம், கட்டண ரசீது, கல்லூரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், தங்கும் இடத்தின் பதிவு எல்லாம் வேண்டும். கோடைக்காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. அமெரிக்கா என்றால் நேர்காணல் தேதிக்கான காத்திருப்பை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கனவு காணுங்கள்.

3. எத்தனை நிமிடம் என்று உறுதி செய்யுங்கள்

"பதினைந்து நிமிடம்" என்றால் பெரும்பாலும் பேச்சுக்குப் பன்னிரண்டு, கேள்விக்கு மூன்று. அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மார்ச் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் கேள்வி என்பது நெடுநாள் வழக்கம். நிகழ்ச்சி நிரலில் தெளிவாக இல்லை என்றால் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் கணக்கு எளிது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 110 முதல் 130 ஆங்கிலச் சொற்கள் வரும். பன்னிரண்டு நிமிடத்துக்கு 1,300 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். எட்டுப் பக்கக் கட்டுரையில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். ஆகவே கட்டுரை முழுவதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு கேள்வி, ஒரு முறை, இரண்டு முடிவு. மீதியைப் படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள்.

4. ஸ்லைடு பாதி ஆங்கிலத்தைச் சுமக்கட்டும்

நம் உச்சரிப்பு பிடிபடாதவருக்குக்கூட ஸ்லைடைப் பார்த்தாலே விஷயம் புரிய வேண்டும். அதற்கு வழி, தலைப்பை முழு வாக்கியமாக எழுதுவது. "ரிசல்ட்ஸ்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். உதாரணமாக, கிணற்று நீரைப் பற்றிய ஆய்வு என்றால், கோடை முடிவில் கடலோரக் கிணறுகளில் உப்பு கூடுகிறது என்பதையே ஆங்கிலத்தில் தலைப்பாக வையுங்கள், கீழே ஒரே ஒரு வரைபடம். வாய் குழறினாலும் தலைப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம், கேட்பவரும் தொடர்ந்து வருவார்.

நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடு என்பது நல்ல அளவு. எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது, வரைபட அச்சுகளில் 18. கட்டுரையிலிருந்து அட்டவணையை அப்படியே வெட்டி ஒட்டிவிட்டு "எழுத்து உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்" என்று மன்னிப்புக் கேட்பதை ஏன் இன்னும் செய்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று தெரிந்தால் போடக் கூடாது. சிவப்பும் பச்சையுமாகக் கோடு வரைந்தால் நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்குங்கள். லேடெக்ஸில் பீமர் பயன்படுத்துகிறவர்களுக்கு: சொல்லாவிட்டால் அது பழைய 4:3 அளவில்தான் தரும், 16:9 வேண்டுமென்றால் நீங்கள்தான் குறிப்பிட வேண்டும்.

பத்து நிமிடப் பேச்சுக்குப் பொருளடக்க ஸ்லைடு தேவையில்லை. "தேங்க் யூ" என்று பூங்கொத்துப் படத்தோடு முடிக்கவும் வேண்டாம். கடைசியில் முடிவுகள் ஸ்லைடு நிற்கட்டும், கேள்வி நேரம் முழுக்க அதுதான் எல்லோர் கண்ணிலும் இருக்கும்.

5. வாயால் எழுதுங்கள்

கட்டுரை வாக்கியம் படிக்க எழுதியது. அதை மனப்பாடம் செய்தால் மூச்சு வாங்கும், நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரியும். முதலில் யாருக்காவது தமிழிலேயே விளக்கிப் பாருங்கள். எந்த வரிசையில் சொன்னால் புரிகிறது என்று அப்போது தெரியும். பிறகு அந்த வரிசையை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். யார், என்ன செய்தார் என்பது முதலில் வரட்டும், எங்கே, எப்போது, எதனால் என்பவை அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும். "வீ மெஷர்டு", "வீ ஃபவுண்ட்" என்று தொடங்கினால் வாக்கியம் தானாகவே நேராகும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்றுதான்: முதல் நான்கு வாக்கியங்கள், ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இணைப்பு வாக்கியங்கள், கடைசி இரண்டு வாக்கியங்கள். படபடப்பு அதிகம் இருப்பது முதல் நிமிடத்தில். அதை நாக்கு தானாகச் சொல்லிக் கடந்துவிட்டால் மீதியை ஸ்லைடைப் பார்த்தே பேசலாம்.

"மைசெல்ஃப் முருகன்" என்று அறிமுகம் செய்ய வேண்டாம், "ஐ ஆம் முருகன்" போதும். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக "ரெஸ்பெக்டட்" போட்டு விளிப்பது உள்ளூர்க் கல்லூரிகளில் எதிர்பார்க்கப்படும், அங்கே ஒரு வரியில் முடியுங்கள். வெளிநாட்டில் தலைமை வகிப்பவருக்கு ஒரு நன்றி சொன்னால் போதும்.

6. இருபது சொற்களை மட்டும் சரிசெய்யுங்கள்

மொத்த உச்சரிப்பையும் மாற்ற முயலாதீர்கள். தமிழ்ச் சாயல் இருப்பதில் ஒரு குறையும் இல்லை, ஜப்பான்காரரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் சாயலில்தான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் இருபது சொற்கள் மட்டும் பிசகக் கூடாது. அவற்றைப் பட்டியலிட்டு, கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒலியைக் கேளுங்கள். யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு சொல்லைப் பலர் வாக்கியத்துக்குள் சொல்வதைக் கேட்கலாம், இலவசம்தான்.

நமக்குப் பெரிய சிக்கல் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பது. அனாலிசிஸ், ஹைப்பாதிசிஸ், பராமீட்டர், டெவலப் எல்லாவற்றிலும் அது இரண்டாம் அசையில். டிடர்மின் என்பதை "டிடர்மைன்" என்று நீட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பட்டியலைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஒரே "ப" எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்பதால், பேக், பேக் என்று இரண்டு வேறு சொற்கள் ஒன்றுபோலவே தெரியும். (நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவதையும் அப்படியே ஒலிக்க வேண்டாம், காதால் கேளுங்கள்.)

எண்களைத் தனியாகப் பழகுங்கள். லட்சம், கோடி என்றால் வெளிநாட்டவருக்குப் புரியாது: லட்சம் என்பது நூறு ஆயிரம், கோடி என்பது பத்து மில்லியன். 3.14 என்பதில் புள்ளிக்குப் பின் ஒன்று, நான்கு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் குழம்பும் இடத்தில் எண்ணை ஸ்லைடில் காட்டிவிடுங்கள்.

7. ஒத்திகை

நின்றுகொண்டு, சத்தமாக, நேரம் வைத்து. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. பவர்பாயின்ட்டில் "ரிஹர்ஸ் வித் கோச்" என்று ஒரு வசதி இருக்கிறது, வேகத்தையும் "அம்", "யூ நோ" போன்ற இட்டுநிரப்பல்களையும் எண்ணிச் சொல்லும். கூகுள் டாக்ஸில் குரலால் தட்டச்சு செய்யும் வசதியைத் திறந்து வைத்துப் பேசினால், எந்தச் சொல்லை அது தப்பாக எழுதுகிறது என்று பார்த்தே நம் பலவீனம் தெரிந்துவிடும். துறைக்காரர் ஒருவர், வேறு துறை நண்பர் ஒருவர் கேட்கட்டும். வேறு துறைக்காரருக்கு எந்த இடத்தில் பிடி விட்டுப்போகிறதோ அங்கே ஒரு வாக்கியம் சேருங்கள்.

ஒவ்வொரு முறையும் முதல் ஸ்லைடிலிருந்தே தொடங்காதீர்கள். ஆறாவதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மேடையில் நேரம் குறைந்தால் எந்த இரண்டு ஸ்லைடைத் தாண்டலாம் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

8. அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியவை

பவர்பாயின்ட் கோப்பு, அதன் பிடிஎஃப் நகல் இரண்டும் பென்டிரைவிலும் மெயிலிலும். சேமிக்கும்போது எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் தேர்வு அமைப்புகளில் இருக்கிறது, அதைப் போடாவிட்டால் வேறு கணினியில் சமன்பாடு எல்லாம் கட்டமாகத் தெரியலாம். உங்கள் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ அடாப்டர் உங்களுடையதாக இருக்கட்டும், பழைய அரங்கில் விஜிஏ மட்டும் இருக்கலாம். தள்ளி நின்றே ஸ்லைடு மாற்ற உதவும் கிளிக்கர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், இருவர் மூவர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

முந்தைய இடைவேளையிலேயே அறைக்குப் போய்க் கோப்பை ஏற்றி, வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். தலைமை வகிப்பவரிடம் வணக்கம் சொல்லி உங்கள் பெயரைச் சொல்லும் விதத்தையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இனிஷியலை வைத்துக் கூப்பிடுவார். ஸ்லைடு ஓடும்போது "பி" விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அங்கே தாவும். கேள்வி நேரத்தில் இது பெரிய உதவி.

பேச்சுக்குப் பதில் போஸ்டர் என்றால் ஏ0 அளவு 841க்கு 1189 மில்லிமீட்டர், ஏறக்குறைய பதினொரு சதுர அடி. அச்சகத்தில் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். துணியில் அடித்தால் மடித்துப் பெட்டியில் வைக்கலாம், விமானத்தில் போஸ்டர் சுருட்டிய குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். நெடுவாக்கா கிடைவாக்கா என்று அறிவிப்பில் பார்த்துவிட்டு அடியுங்கள்.

9. கேள்வி நேரம்

பயம் எல்லாம் இங்கேதான். பேச்சைத் தயார் செய்யலாம், கேள்வியை எப்படித் தயார் செய்வது? செய்யலாம். பெரும்பாலான கேள்விகள் சில இடங்களிலிருந்தே வரும்: ஏன் இந்த முறை, மாதிரிகள் போதுமா, பிழை எவ்வளவு, ஏற்கெனவே செய்தவர்களோடு ஒப்பிட்டீர்களா, வேறு இடத்துக்குப் பொருந்துமா, அடுத்து என்ன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியப் பதில் எழுதுங்கள். முடிவுகள் ஸ்லைடுக்குப் பின்னால் ஐந்தாறு கூடுதல் ஸ்லைடுகளை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்ட வரைபடம் திரையில் வந்து நின்றால் உங்கள் ஆங்கிலத்தை யாரும் எடைபோட மாட்டார்கள்.

கேள்வியே புரியவில்லை என்றால்? ஸ்காட்லாந்துக்காரர் வேகமாகக் கேட்டால் யாருக்குமே புரியாமல் போகலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உங்களுக்குத் தெரிந்த எதையாவது பேசாதீர்கள், அதுதான் மிக மோசம். முதல் முறை: "சாரி, குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்?" இரண்டாவது முறையும் பாதிதான் பிடிபட்டது என்றால் பிடிபட்டதை வைத்து, "ஆர் யூ ஆஸ்கிங் அபவுட் த சாம்பிள் சைஸ்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வழி திறந்துவிடும். அதற்கும் மேல் என்றால் "கேன் வீ டிஸ்கஸ் திஸ் ஆஃப்டர் த செஷன்?" என்று நகர்ந்துவிடலாம், ஆனால் ஒரு தடவைதான்.

பதில் தெரியாவிட்டால் "வீ ஹேவ் நாட் டெஸ்டட் தட்" என்று சொல்லி நிறுத்துங்கள். கௌரவமான பதில் அது. நம் வகுப்பில் கேள்வி கேட்க "ஐ ஹேவ் எ டவுட்" என்போம், வெளியே அது நம்பிக்கையின்மையாக ஒலிக்கலாம், நீங்கள் பிறரைக் கேட்கும்போது "கொஸ்டின்" என்றே சொல்லுங்கள். ஆமாம் என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலையசைப்பை "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, வாயால் "யெஸ்" சொல்லிவிடுங்கள்.

10. ஆன்லைனில் என்றால்

ஜூமில் முழுத் திரையைப் பகிராமல் ஸ்லைடு சாளரத்தை மட்டும் பகிருங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள், குடும்பக் குழுவின் குட் மார்னிங் ரோஜாப்பூ சரியாக அந்த நேரத்தில்தான் வரும். வீடியோ இருந்தால் ஒலியையும் பகிரும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள், லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிச் சரிபாருங்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள்.

11. கிளம்பும் முன்

சான்றிதழைப் பதிவு மேஜையில் கேட்டு வாங்கிவிடுங்கள். "மெயிலில் அனுப்புகிறோம்" என்றால் மின்னஞ்சல் முகவரியை அவர்கள் எதிரிலேயே சரிபாருங்கள். சான்றிதழில் வாசித்தவர் என்று இருக்க வேண்டும், கலந்துகொண்டவர் என்று மட்டும் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அடுத்த டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் அதைத்தான் பார்ப்பார்கள். பதிவு ரசீது, டிக்கெட், தங்கிய ரசீது, போகவும் வரவும் போர்டிங் பாஸ் எல்லாம் ஒரே உறையில். போர்டிங் பாஸை மொபைலில் மட்டும் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே காகிதத்தில் அச்சிட்டு வாங்குங்கள், கணக்குப் பிரிவில் அசலைத்தான் கேட்பார்கள். ஊர் திரும்பிய வாரமே பில்லைக் கொடுத்துவிடுங்கள். மார்ச் 31 நெருங்கினால் நிதியாண்டு முடிகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.